மூலத்தைத் திறந்து பார்த்த துறவி

இடைக்காலப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இறையியல் ஆசானாக விழைவோர் ஒரு நூலுக்கு விரிவுரை நிகழ்த்தியாக வேண்டும். பீட்டர் லொம்பார்டு பன்னிரண்டாம் நூற்றாண்டில் நான்கு பகுதிகளாகத் தொகுத்த 'வாக்கியங்கள்' என்பதே அந்நூல். இத்தாலியின் ரிமினி நகரத்தவரும் அகுஸ்தீன் சபைத் துறவியுமான கிரிகோரியார் 1340-களின் முற்பகுதியில் நிகழ்த்திய விரிவுரைகளுள் முதலிரு பகுதிகளுக்கு உரியவையே இன்று கிடைக்கின்றன.

அவற்றின் பெருமை மேற்கோள் ஆட்சியில் உள்ளது என்பேன். அக்காலத்து ஆசிரியர் பலர் முன்னோர் கூற்றுகளைத் திரட்டு நூல்களிலிருந்தே எடுத்தாண்டனர். கிரிகோரியாரோ புனித அகுஸ்தீனாரின் நூல்களையே திறந்து, இன்ன நூல், இன்ன அதிகாரம் என்று சுட்டினார். பீட்டர் ஆரியோல் என்னும் பிரான்சிஸ்கத் துறவி அகுஸ்தீனாரைப் பிழைபட மேற்கோள் காட்டினார் எனவும் இடித்துரைத்தார். அலுவலகக் கோப்பில் பிறர் குறிப்பை நம்பிப் பழைய உத்தரவொன்றை எடுத்தெழுதி, பின்னர் மூலத்தைக் கண்டு நாணிய அனுபவம் எனக்குண்டு. ஆதலின் இவ்வுழைப்பின் அருமை எனக்கு விளங்குகிறது.

அவர் கொள்கை யாது? இறைவனின் தனியருள் துணையின்றி மனிதன் நற்செயல் ஒன்றும் இயற்றல் இயலாது என்பதாம். மனிதன் தன் முயற்சியாலேயே நன்மை செய்ய வல்லவன் என்ற ஐந்தாம் நூற்றாண்டுப் பெலாஜியஸின் கருத்து, தம் காலத்துப் புதிய ஆசிரியரிடையே மீண்டும் தலைதூக்குவதாக அவர் அஞ்சினார். அளவையியலில் அப்புதியோரிடம் அவர் கற்றுக்கொண்டதும் மிகுதியே.

ஆனால் மூலத்தைப் பற்றி நிற்போன் அது செல்லுமிடமெல்லாம் செல்ல வேண்டும் அன்றோ! திருமுழுக்குப் பெறாது இறந்த குழந்தைகள் இறைக்காட்சியை இழப்பரேயன்றித் துன்புறார் என்று பிற்கால ஆசிரியர் பலர் கூறினர். அகுஸ்தீனாரோ, மிக மெல்லியதேனும் தண்டனை உண்டு என்றிருந்தார். கிரிகோரியார் அதனை மழுப்பவில்லை. அறுதியிட்டுரைக்கத் தயங்கினும், அப்பக்கமே சாய்ந்தார். 'குழந்தைகளை வதைப்பவர்' என்னும் பழிப்பெயர் அவரைப் பற்றிக்கொண்டது. மகவை இழந்த தாயிடம் இக்கோட்பாட்டை யார் கூற வல்லார்? அவருடைய நேர்மையை மெச்சும் என் மனம் இவ்விடத்தில் அவரோடு செல்ல மறுக்கிறது. எனினும், உவப்பற்ற வரியை மறைத்து உவப்பானதை மட்டும் காட்டியிருப்பின் அவரும் ஆரியோலைக் குறைகூறும் தகுதியை இழந்திருப்பார்.

1357-இல் சபையின் தலைவராகத் தேர்வுற்ற அவர், மறு ஆண்டே வியன்னாவில் மறைந்தார். பிற்காலத்தில் கர்தினாலாக உயர்ந்த பியர் தாயி தம் விரிவுரைகளில் கிரிகோரியாரின் பகுதிகளைப் பெயர் சுட்டாமலே எடுத்தாண்டார்.