சானடோரியமா, சானிடோரியமா?

சேலையூர், கேம்ப் ரோடு பக்கம் இருக்கறவங்க தினமும் சொல்ற ஒரு இங்கிலீஷ் வார்த்தை "சானிடோரியம்". குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல வர்ற ஸ்டேஷன். ஆனா அதோட சரியான பேர் சானடோரியம். சானிடேரியம்னு வேற ஒரு வார்த்தையும் உண்டு. ரெண்டையும் கலந்து மூணாவதா ஒண்ணு செஞ்சு வச்சிருக்கோம். (இங்கிலீஷ்காரங்களும் இதே குழப்பம்தான் பண்றாங்க, விடுங்க.)

ரெண்டுக்கும் மூலம் லத்தீன். "சனாரே"ன்னா குணப்படுத்துறது. அதுல வந்தது சானடோரியம்: நோயாளியைத் தங்க வச்சு வைத்தியம் பார்க்குற இடம். "சானிடாஸ்"னா ஆரோக்கியம். சானிடேரியம், சானிடேஷன், சானிடைசர் எல்லாம் அந்த வழி. அமெரிக்காவுல பேட்டில் கிரீக் ஊர்ல டாக்டர் கெல்லாக் (தம்பியோட சேர்ந்து கார்ன் ஃப்ளேக்ஸ் செஞ்சவர்தான்) தன்னோட இடத்துக்கு சானிடேரியம்னுதான் பேர் வச்சார். நோயாளிங்க மட்டும் வர்ற இடம் இல்ல, ஆரோக்கியமா வாழக் கத்துக்குற இடம்னு காட்டணும்னு அவருக்கு ஆசை.

நம்ம ஊர்ல இருந்தது முதல் வகை. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இதுதான் வைத்தியம். 1854ல ஜெர்மன் டாக்டர் பிரேமர் ஆரம்பிச்ச முறை. இங்கிலாந்துல மெண்டிப் மலையில இதே மாதிரி சானடோரியம் நடத்தினவர் டாக்டர் சவுரி முத்து. 1917ல கணிதமேதை ராமானுஜன் அவர்கிட்டதான் சிகிச்சைக்குப் போனார். (ராமானுஜனுக்கு வந்தது டிபியே இல்ல, கல்லீரல்ல அமீபா தொற்றுன்னு 1994ல ஒரு ஆய்வு வாதிட்டுச்சு. அது தனி இழைக்கான கதை.) அதே சவுரி முத்து 1928ல தாம்பரத்துல சானடோரியம் தொடங்கினார். 1937ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. இன்னிக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

வார்த்தையைப் பத்தி இவ்வளவு பேசக் காரணம் இருக்கு. டிபின்னு சொன்ன உடனே சில குடும்பங்கள் இன்னமும் கேக்குற முதல் கேள்வி, "சானடோரியத்துல கொண்டுபோய் விடணுமா டாக்டர்?" அடுத்தது தட்டு, டம்ளரைத் தனியா வைக்கறது. அதுக்கப்புறம் பொண்ணோட கல்யாணப் பேச்சு நின்னுடுமோங்கற பயம்.

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிச்சதே மெட்ராஸ்தாங்க. 1956ல சேத்துப்பட்டுல காசநோய் மருந்து ஆய்வு மையம் ஆரம்பிச்சாங்க. தலைமை வாலஸ் ஃபாக்ஸ். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சு, பாதிப் பேரை சானடோரியத்துல சேர்த்தாங்க. மீதிப் பேர் நெருக்கடியான சின்ன வீடுகள்லயே இருந்தாங்க. ரெண்டு பக்கமும் ஒரு வருஷம் அதே மாத்திரைங்க: ஐசோநியாசிட், பாஸ். சானடோரியத்துல நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் கவனிப்பு. வீட்டுல இருந்தவங்களுக்கு அதெல்லாம் கம்மி.

1959ல முடிவு வந்துச்சு. குணமானதுல பெரிய வித்தியாசம் இல்ல. வீட்டுல இருந்தவங்களோட குடும்பத்துக்கும் கூடுதலா நோய் பரவல. ஏன்னா மருந்து ஆரம்பிச்ச பிறகு பரவுறது சீக்கிரமே குறைஞ்சிடுது. கூட இருக்கறவங்களுக்குத் தொத்தணும்னா பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே தொத்தியிருக்கும். அதனாலதான் இன்னிக்கும் வீட்டுல எல்லாருக்கும் பரிசோதனை பண்ணச் சொல்றோம்.

உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடுறதுக்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். இப்போ சாதாரண டிபிக்கு 6 மாசம் மாத்திரை, அரசு ஆஸ்பத்திரியில இலவசம், வீட்டுல இருந்தே சாப்பிடலாம். மூச்சுத்திணறல், வாய்வழியா ரத்தம், மருந்துக்குக் கட்டுப்படாத டிபின்னு சிக்கலானவங்களைத்தான் உள்ள சேர்க்கறாங்க. மத்தவங்க மாத்திரையை வாங்கிட்டு சானடோரியம் ஸ்டேஷன்லயே ரயில் ஏறி வீட்டுக்குப் போறாங்க.