திரும்பி வரும் பணம்: விலைக்கழிவு முறையின் வரலாறு

பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரின் வடபால் அமைந்த ஊர் ஜெலாப்பாங். மலாய் மொழியில் இச்சொல்லுக்கு நெற்களஞ்சியம் என்பது பொருள். இன்று இட்ட நெல் வேண்டும்போது வீடு திரும்பும் என்ற நம்பிக்கையில்தான் உழவன் அதனைக் களஞ்சியத்தில் சேர்க்கிறான். அந்நம்பிக்கை இரண்டு செய்திகளைச் சார்ந்தது. களஞ்சியத்தின் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பது ஒன்று. எடுக்கப்படாமல் எஞ்சிய நெல் யாரைச் சேரும் என்பது மற்றொன்று.

இவ்விரு வினாக்களும் நெல்லுக்கு மட்டும் உரியன அல்ல. “இன்று முழு விலை கொடுங்கள், அதில் ஒரு பகுதியைப் பின்னர்த் திருப்பித் தருகிறோம்” என்று சொல்லும் வாணிக முறை ஒன்று உண்டு. கணினியும் அதன் உறுப்புகளும் விற்கும் தொழிலில், இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது பெருவழக்காக இருந்தது. ரப்பர்த் தோட்டங்களை விட்டு நகரோரக் குடியிருப்புகளுக்கு வந்த தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்புக்கென ஒரு கணினி வாங்குவது பெருஞ்செலவு. கழிவு உண்டு என்ற சொல்லை நம்பி விலை கூடிய பொருளைத் தேர்ந்தெடுக்கலாமா என்பது அக்குடும்பங்களின் மாதச் செலவையே தொடும் கேள்வி. அதற்கு விடை காண, இம்முறை வளர்ந்து வந்த வழியை அறிதல் வேண்டும்.

கூட்டுறவுக் கடையின் பங்கு

வாங்கியவருக்கே பணத்தைத் திருப்பித் தரும் வழக்கத்துக்குப் பெயர் பெற்ற ஊர் இங்கிலாந்தின் ராச்டேல். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், 28 பேர் கூடி அங்கே ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் சந்தை விலைக்கே விற்கப்பட்டன. செலவு போக எஞ்சிய இலாபத்தை, ஒவ்வோர் உறுப்பினரும் எவ்வளவு பொருள் வாங்கினாரோ அவ்வளவுக்கு ஏற்பப் பங்கிட்டுத் தந்தனர். அதிகம் வாங்கியவருக்கு அதிகம் திரும்பியது.

தமிழகத்தில் இக்கொள்கை 1904-ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் வேரூன்றியது. அவ்வாண்டு தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் தொடக்கப் பணியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரும் பங்கு கொண்டார். மலாயாவில் கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டம் 1922-இல் பிறந்தது. தோட்டத் தொழிலாளரிடையே முதலில் பரவியவை சிக்கனச் சங்கங்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து, பொருள்கள் கிடைப்பதே அரிதாகிக் கொள்ளை இலாபம் தலைவிரித்தாடிய நாள்களில் கூட்டுறவுப் பண்டகசாலைகளும் பெருகின.

இக்கடைகளின் சிறப்பு யாதெனில், வாங்கியவர் எதையும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. கணக்கை எழுதுவது கடையின் கடமை. பங்கு கேட்க மறந்தவரின் பணமும் சங்கத்தின் பணமாகவே இருக்கும். சங்கமோ உறுப்பினருக்கு உரியது. திறவுகோல் ஊராரின் கையில் இருந்தது.

தோட்டத்து மளிகைக் கடைகளில் கடன் எழுதப் பயன்பட்ட ‘555’ என்னும் சிறு குறிப்பேட்டை மலேசியத் தமிழர் நன்கு அறிவர். வாங்கிய அரிசியும் மீனும் அதில் ஏறின; சம்பள நாளில் கணக்குத் தீர்ந்தது. அங்கே வாணிகன் பொருளை முன்னே கொடுத்துப் பணத்துக்குக் காத்திருந்தான். பிற்காலத்து விலைக்கழிவு முறை இதனைத் தலைகீழாக்கியது. வாங்குபவர் பணத்தை முன்னே கொடுத்து, அதில் ஒரு பகுதிக்காகக் காத்திருப்பவர் ஆனார்.

அஞ்சல்வழிக் கழிவு

அமெரிக்காவில் 1896-ஆம் ஆண்டு முதல் ‘பச்சை முத்திரைகள்’ வழங்கப்பட்டன. கடையில் பொருள் வாங்குவோர் அவற்றைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்துப் பின்னர்ப் பரிசுப் பொருள் பெற்றனர். 1975-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விற்பனை மந்தமாகி மோட்டார் வண்டிகள் தேங்கி நின்றபோது, கிறைஸ்லர் நிறுவனம் வண்டி வாங்குவோருக்கு ரொக்கமாகவே பணம் திருப்பித் தருவதாக அறிவித்தது. அக்காலத்தையொட்டி வீட்டுப் பொருள்களுக்கும், பின்னர் மின்னணுப் பொருள்களுக்கும் இவ்வழக்கம் பரவியது.

கணினித் தொழிலுக்கு இது மிகவும் பொருந்தி வந்தது. கணினி உறுப்புகள் நெடுநாள் விலை தாங்குவன அல்ல. புதியது வந்தவுடன் பழையதன் விலை சரியும். தேங்கிய சரக்கைத் தள்ள வேண்டிய உற்பத்தியாளர் கடைக்காரருக்கு விலையைக் குறைத்துக் கொடுத்தால், அக்குறைப்பு வாங்குபவரைச் சேரும் என்பதற்கு உறுதி இல்லை. கழிவை நேரே வாங்குபவருக்கு அனுப்பினால் அந்த ஐயம் இல்லை. விலைப்பட்டியலையும் மாற்ற வேண்டாம்; குறித்த நாளில் நிறுத்தியும் விடலாம். ஆகவே இம்முறை முழுதும் சூழ்ச்சியால் பிறந்தது என்பது நேர்மையான கூற்று ஆகாது.

எனினும், பணம் பெறும் வழி எளிதாக இருக்கவில்லை. பெட்டியின் மேலுள்ள பட்டைக்குறியை வெட்டி எடுக்க வேண்டும். மூல ரசீதை இணைக்க வேண்டும். படிவத்தை நிரப்பிக் குறித்த நாளுக்குள் அஞ்சலில் சேர்க்க வேண்டும். காசோலை வர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். வந்த காசோலையையும் குறித்த காலத்துக்குள் மாற்றாவிட்டால் அது செல்லாது. பெட்டியை வெட்டிய பின்னர், பொருளில் குறை கண்டாலும் பல கடைகள் திரும்ப ஏற்கத் தயங்கின. இத்தனை படிகளில் ஒன்று தவறினாலும் பணம் இல்லை.

தவறியவர் பணம்

இங்கேதான் களஞ்சியத்தின் இரண்டாம் கேள்வி எழுகிறது. அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த மதிப்பீடு ஒன்றின்படி, வழங்கப்பட்ட கழிவுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 கேட்டுப் பெறப்படவே இல்லை. மறந்தவர், ரசீதைத் தொலைத்தவர், நாள் தவறியவர், படிவத்தில் பிழை செய்தவர் ஆகிய அனைவரின் பங்கும் விற்றவரிடமே தங்கியது. கூட்டுறவுக் கடையில் எஞ்சியது உறுப்பினருக்கே பொதுவானது. இங்கே எஞ்சியது எதிர்க்கட்சியின் இலாபம்.

கழிவு விண்ணப்பங்களைக் கையாள்வதற்கென்றே அங்குத் தனி நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்றான யங் அமெரிக்கா, மாற்றப்படாத காசோலைகளின் பணத்தைத் தானே வைத்துக்கொண்டது என்பது பல மாநிலங்களின் வழக்குக்குக் காரணமாயிற்று. 2005-இல், கம்ப்யூஎஸ்ஏ என்ற பெரிய கணினி வாணிக நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டரசு வாணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அக்கடையில் விற்கப்பட்ட ஒரு தயாரிப்பாளரின் பொருள்களுக்குரிய கழிவு, சொன்ன காலத்தில் வாங்கியவருக்குச் சேரவில்லை என்பதே குற்றச்சாட்டு. தயாரிப்பாளரின் வாக்கை முன்னிறுத்தி விற்ற கடைக்கும் பொறுப்பு உண்டு என்பதை அந்நடவடிக்கை நிலைநாட்டியது.

மக்களின் வெறுப்பும் வளர்ந்தது. பெஸ்ட் பை நிறுவனம் அஞ்சல்வழிக் கழிவைக் கைவிடப்போவதாக 2005-இல் அறிவித்தது. ஆபிஸ்மேக்ஸ் 2006-இல் அதனைக் கைவிட்டது. கனெக்டிகட் மாநிலச் சட்டம், கழிவு போன விலையைப் பெரிதாக விளம்பரம் செய்யும் கடை அக்கழிவை விற்கும்போதே கொடுத்தாக வேண்டும் என்கிறது. விளம்பரத்தில் உள்ள விலைக்கே பொருள் கிடைக்க வேண்டும் என்ற எளிய நீதியே அச்சட்டத்தின் உட்பொருள்.

மலேசிய நடைமுறை

மலேசியாவில் கணினிக்கான சலுகை பெரும்பாலும் வருமான வரி வழியாகவே வந்துள்ளது. 2007-ஆம் மதிப்பீட்டாண்டு முதல், கணினி வாங்கிய செலவில் 3,000 வெள்ளி வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை வருமானத்தில் கழித்துக்கொள்ள இடம் தரப்பட்டது. 2017 முதல் நூல், கணினி, கைப்பேசி, விளையாட்டுக் கருவி முதலியவற்றை ஒன்றாக்கி, ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரை கழிக்கும் ஏற்பாடு வந்தது.

இதனைச் சரியாகப் புரிந்துகொள்ளல் வேண்டும். 2,500 வெள்ளி கையில் திரும்புவதில்லை. நூற்றுக்கு 11 வீதம் வரி கட்டும் படியில் உள்ளவருக்கு மிச்சமாவது 275 வெள்ளி. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத தொழிலாளிக்கு ஒரு காசும் இல்லை. கேட்டுப் பெறுபவரும் ரசீதை ஏழாண்டு காத்து வைத்தல் வேண்டும். சலுகை யாருக்கு மிகவும் தேவையோ, அவரை அது அடைவதில்லை என்பது இதன் குறை.

2013-ஆம் ஆண்டுத் திட்டம் வேறு வகையினது. 21 முதல் 30 வயது வரையுள்ள, மாத வருமானம் 3,000 வெள்ளிக்கு மேற்படாத இளைஞர் கைப்பேசி வாங்க 200 வெள்ளி கழிவு அறிவிக்கப்பட்டது. 2011-இல் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் குளிர்பதனப் பெட்டிக்கும் 200 வெள்ளிக்கான கழிவுச் சீட்டு வழங்கப்பட்டது. சீட்டைப் பெற்றுக் கடைக்குச் சென்றவருக்கு அங்கேயே விலை குறைந்தது. காத்திருக்கும் சுமை வாங்குபவரின் தோளில் இல்லை.

கேட்கப்படாத பணத்தைப் பற்றியும் மலேசியாவில் ஒரு நல்ல சட்டம் உண்டு. 1965-ஆம் ஆண்டுக் கோரப்படாத பணச் சட்டத்தின்படி, ஒருவருக்குச் சேர வேண்டியதென உறுதிப்பட்டும் கொடுக்கப்படாமல் கிடக்கும் பணத்தை நிறுவனங்கள் அரசின் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டும். உரியவர் பின்னர் வந்து கேட்டுப் பெறலாம். ஆனால் விண்ணப்பமே அனுப்பாதவருக்கு அத்தகைய உரிமை பிறப்பதில்லை. அவர் இழந்தது இழந்ததே.

வாங்குவோர் கணக்கு

இவ்வரலாற்றின் துணைகொண்டு ஓர் எளிய கணக்கைப் போடலாம். ஒரு கடையில் கணினியின் விலை 1,500 வெள்ளி. 150 வெள்ளி பின்னர்த் திரும்பும் என்கிறார்கள். எனவே விளம்பரத்தில் 1,350 என்று அச்சிடுகிறார்கள். மற்றொரு கடையில் அதே கணினி, கழிவு ஏதுமின்றி, 1,400 வெள்ளி. பார்வைக்கு முதற்கடை 50 வெள்ளி மலிவு.

நூறு பேர் முதற்கடையில் வாங்கி, அவர்களுள் 60 பேர் மட்டுமே பணத்தைப் பெற்றால், சராசரியாக ஒருவருக்குத் திரும்புவது 90 வெள்ளி. அப்போது உண்மை விலை 1,410. இரண்டாம் கடையே மலிவு. தவறாமல் பெறுபவருக்கும் ஐம்பது வெள்ளி முழுதாக மிஞ்சாது. கடன் அட்டையில் ஆண்டுக்கு 18 வீத வட்டிக்கு வாங்கியவராயின், அந்த 150 வெள்ளிக்கு மூன்று மாத வட்டியே ஏறத்தாழ 7 வெள்ளி. அஞ்சற்செலவும் உழைப்பும் தனி. அயல்நாட்டிலிருந்து தருவிப்பவர் மற்றொன்றையும் கருத வேண்டும்: அமெரிக்கக் கழிவுகள் பெரும்பாலும் அந்நாட்டு முகவரிக்கே செல்லும்.

வேறு சூழலில் விடை மாறும். கழிவைக் கணக்கில் சேர்க்காமலே அப்பொருளின் விலை மற்றக் கடைகளின் விலைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால், வாங்குவதில் இழப்பு இல்லை. ரசீதைப் படியெடுத்து, நாளைக் குறித்து, அன்றே விண்ணப்பிப்பவருக்குத் திரும்பும் பணம் முழு ஆதாயம். கழிவை எடுத்துவிட்டால் பொருள் விலை கூடியதாகத் தோன்றுமானால், அதனை விட்டுவிடுதலே அறிவுடைமை. கிடைக்கப்போகும் பலாக்காயைவிடக் கையிலுள்ள களாக்காய் மேல் என்ற முதுமொழியின் பொருளும் இதுவே.

பட்டைக்குறியை வெட்டி அஞ்சலில் அனுப்பும் பழக்கம் பெரிதும் மறைந்துவிட்டது. ஆயினும் இணையப் படிவம், பணப்பை வரவு, பரிசுக் குறியீடு என அதே முறை வேறு உருவங்களில் தொடர்கிறது. உருவம் எதுவாயினும், கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை. கணக்கை எழுதுவது யார்? கேட்க மறந்தால் பணம் யாருக்கு? இவ்விரண்டுக்கும் ‘விற்பவருக்கே’ என்ற முறையில் விடை வருமாயின், கல்லாவில் இன்று கொடுக்கும் தொகையே அப்பொருளின் விலை என்று கொள்ளுதல் வேண்டும்.