பவர் வீடரைத் தூக்கி நிறுத்திப் பழுது பார்ப்பது எப்படி?

வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியத்திலோ கைக்காசு போட்டோ பவர் வீடர் வாங்கிய விவசாயிகளுக்கு ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். இந்த இயந்திரத்தின் வயிறு தரையோடு தரையாக இருக்கிறது. கத்தியில் சுற்றிய நாரை எடுக்கவோ, கியர் பாக்ஸ் ஆயிலை வடிக்கவோ, சக்கரத்தைக் கழற்றவோ அடியில் கை நுழையாது. தூக்கித்தான் ஆக வேண்டும். எடை பெரும்பாலும் 100 கிலோவை ஒட்டியே இருப்பதால், ஒருவர் கைப்பிடியை அழுத்தித் தூக்கிப் பிடிக்க, மற்றவர் அடியில் கையை விட்டு வேலை பார்க்கிறார். பிடித்திருப்பவரின் கால் வழுக்கினால் கீழே இருப்பவரின் விரல் போய்விடும்.

மாட்டு வண்டிக்கு மை போடத் தூக்குபவர்கள் முதலில் அச்சுக்கு முட்டுக் கொடுப்பார்கள், பிறகுதான் சக்கரத்தைக் கழற்றுவார்கள். அதே முறைதான் இங்கும். தூக்குவது ஒரு வேலை, தாங்கி நிற்க வைப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே ஆளிடமோ ஒரே ஜாக்கியிடமோ விடக்கூடாது.

தூக்குவதற்கு முன்

இயந்திரத்தை வயலில் வைத்துத் தூக்க வேண்டாம். களத்துக்கோ சிமென்ட் தரைக்கோ ஓட்டி வாருங்கள். இன்ஜினை நிறுத்திச் சூடு ஆறும்வரை பொறுங்கள், சைலன்சர் பட்டால் தோல் வெந்துவிடும். பெட்ரோல் இன்ஜின் என்றால் ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். கத்தியைக் கையால் சுற்றும்போது இன்ஜினும் சேர்ந்து சுற்றி ஒரு தடவை வெடித்தாலும் கை தப்பாது. டீசல் இன்ஜினில் பிளக் கிடையாது. அதனால் நிறுத்தும் லிவரை நிறுத்தும் பக்கமே வைத்து, டீசல் குழாயின் திருகை மூடுங்கள். பெட்ரோல் டேங்கில் பாதிக்கு மேல் இருந்தால் வடித்துவிட்டுக் குழாயை மூடுங்கள். தூக்காத பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து அடை கொடுங்கள்.

எந்தப் பக்கம் சாய்ப்பது?

இன்ஜின் கெட்டுப்போவது பெரும்பாலும் இதில்தான். பெட்ரோல் பவர் வீடர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பார்க் பிளக் முன்பக்கம் பார்த்திருக்கும். அவற்றைக் கைப்பிடி தரையில் படும்படி பின்பக்கம்தான் சாய்க்க வேண்டும். அப்போது பிளக் மேலே போகும், ஆயில் அடியிலேயே தங்கும். மூக்குக் குப்புறச் சாய்த்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும். ஏர் ஃபில்டர் கீழே வரும்படி பக்கவாட்டில் படுக்க வைத்தால் ஃபில்டர் ஆயிலில் ஊறிவிடும். உங்கள் இயந்திரத்தில் பிளக்கும் ஏர் ஃபில்டரும் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாய்க்கும்போது இரண்டும் மேல்பக்கம் இருக்க வேண்டும்.

தவறிச் சாய்ந்துவிட்டால் உடனே கயிற்றை வேகமாக இழுத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் ஆயில் நிறைந்திருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெதுவாக நான்கைந்து முறை இழுத்தால் ஆயில் வெளியே வரும். பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவிக் காயவைக்கலாம். காகித ஃபில்டர் ஆயிலில் ஊறிவிட்டால் புதிதுதான் போட வேண்டும். பிறகு ஆயில் அளவைப் பார்த்து ஓட்டுங்கள். கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து அடங்கும்.

டீசல் இன்ஜின் உள்ளவற்றைச் சாய்க்காமல் மட்டமாகத் தூக்குவதே நல்லது. ஏர் கிளீனரில் ஆயில் ஊற்றும் வகையாக இருந்தால் சாய்த்ததும் கொட்டிவிடும்.

கடப்பாரையும் கட்டையும் போதும்

மட்டமாகத் தூக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 100 கிலோ இயந்திரத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கினால் கையில் வருவது சுமார் 50 கிலோ. 5 அடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து அரை அடியில் கட்டையை அண்டக் கொடுத்து நெம்பினால் பாரம் ஒன்பதில் ஒரு பங்காகும், 6 கிலோ விசை போதும். ஆனால் ஒரு நெம்புக்கு 2, 3 அங்குலம்தான் எழும். எழுந்ததும் ஒருவர் கட்டையைச் செருக வேண்டும். கையால் அல்ல, இன்னொரு கட்டையால் தள்ளிச் செருகுங்கள். பிறகு அண்டைக் கட்டையை உயர்த்தி அடுத்த நெம்பு.

முட்டுக்கு ஒன்றரை அடி நீளமும் 3 அங்குலக் கனமும் உள்ள வேம்பு அல்லது வேலங்கட்டைகள் நன்றாகத் தாங்கும். இரண்டு நெடுக்கு, அவற்றின் மேல் இரண்டு குறுக்கு என்று அடுக்குங்கள். முருங்கை வேண்டாம், மளுக்கென்று முறியும். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் கூடவே கூடாது. மரம் நொறுங்கும் முன் சத்தம் கொடுக்கும், ஹாலோ பிளாக் சொல்லாமல் உடையும்.

கார் ஜாக்கி வைத்திருப்பவர்கள் கத்தரி போல விரியும் சிசர் ஜாக்கியைப் பயன்படுத்தலாம், அது தாழ்ந்த இடத்திலும் நுழையும். பாட்டில் ஜாக்கி உயரமானது. நுழையவில்லை என்று அதைப் படுக்க வைத்துத் தூக்கினால் ஆயில் ஏறாது, பாரமும் நிற்காது. முதலில் இரண்டு பலகைகளைச் சரிவாகப் போட்டு இயந்திரத்தை ஏற்றிக்கொண்டால் இடைவெளி கிடைக்கும். எந்த ஜாக்கியாக இருந்தாலும் அடியில் ஒரு அடிச் சதுரத்தில் 2 அங்குலப் பலகை வையுங்கள், மண்ணில் புதையாது. ஜாக்கியின் தலை சட்டத்தில்தான் படவேண்டும். மட்கார்டு தகரம், ஆயில் வடிக்கும் போல்ட், பெல்ட் மூடி ஆகியவை பாரம் தாங்காது. முட்டு வைத்து, இயந்திரத்தை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே கையை அடியில் விடுங்கள்.

தூக்கிய கையோடு கத்தி அச்சின் இரு முனையையும் பாருங்கள். தேங்காய் நார், மூடாக்கு ஷீட், சொட்டுநீர்க் குழாய்த் துண்டு எல்லாம் அங்கேதான் சுற்றியிருக்கும். விட்டுவைத்தால் ஆயில் சீலை அறுக்கும், கியர் ஆயில் ஒழுகும், அப்புறம் கியரே தேயும். அரிவாள் வேண்டாம், கத்தரியால் வெட்டி எடுங்கள்.

ரிமோட் இயந்திரங்கள்

மருந்து தெளிக்கவும் புல் வெட்டவும் பேட்டரியில் ஓடும் நாலு சக்கரச் சிறு இயந்திரங்களில் ரிமோட்டை அணைத்தால் மட்டும் போதாது. மெயின் சுவிட்சை அணைத்துப் பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். இவற்றில் பலவற்றுக்குப் பேட்டரி வயிற்றில்தான் இருக்கிறது. ஜாக்கியோ கடப்பாரையோ அதில் குத்தினால் லித்தியம் பேட்டரி சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து சட்டத்தைப் பிடித்துத் தூக்கிக் கட்டை மேல் வைக்க முடிந்தால் அதுவே நல்லது. இணைப்பைக் கழற்றியதும் சக்கரம் தானாக உருளும் வகையும் உண்டு, அடை கொடுக்காமல் தொடவேண்டாம்.

இறக்கும்போது எல்லாக் கட்டைகளையும் ஒரே நேரத்தில் உருவாதீர்கள். கொஞ்சம் நெம்பித் தூக்கி மேல் அடுக்கை எடுத்து, இறக்கி, மறுபடி நெம்பி அடுத்த அடுக்கை எடுங்கள். பிளக் தொப்பியைக் கடைசியில் மாட்டுங்கள். கழற்றிய சக்கர போல்ட்டுகளை அரை மணி நேரம் ஓட்டிய பிறகு இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.