போனுக்கு அந்தப் பக்கம்

2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. நீட் தேர்வு நாள். சேலம் மாவட்டம், மேட்டூர் பக்கத்துக் கூழையூரில் மூன்றாம் முறையாகத் தேர்வு எழுத இருந்த ஒரு மாணவர், அன்று விடிந்தபோது உயிரோடு இல்லை. அடுத்தடுத்த நாட்களில் அரியலூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் அதேபோல் செய்தி. ஒரு சாவுக்கு ஒரே காரணம் என்று எழுதிவிட முடியாது. ஆனாலும் பிள்ளையை ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த பெற்றோர் யாரும் அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

அரசு ஒரு காரியம் செய்தது. அந்த வருடம் தமிழ்நாட்டில் நீட் எழுதிய ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொச்சம் பேரையும் போனில் அழைத்துப் பேசச் சொல்லி, முன்னூற்றுச் சொச்சம் ஆலோசகர்களை உட்கார வைத்தது. பி.காம். புத்தி சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு முன்னூறு பிள்ளைகளுக்கு மேல்! 'செத்துடலாம்னு தோணுது சார்' என்று எதிர்முனையில் ஒரு குரல் சொன்னால், இந்தப் பக்கம் இருப்பவர் என்ன பேசுவார்? அதை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தது?

இதை ஒரு பாடமாகவே ஆக்கியவர் மார்ஷா லினஹன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1961-ல், பதினேழு வயதில், ஹார்ட்ஃபோர்டு நகரத்து மனநல மருத்துவமனையில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு தனியறையில் கிடந்தவர். இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேதான் வாசம். பிறகு படித்துப் பேராசிரியர் ஆனார். ஆனாலும் இந்தக் கதையை 2011-ல்தான் வெளியே சொன்னார். அதுவும் அதே மருத்துவமனையில் நின்றுகொண்டு!

முதலில் அவர் நோயாளிகளிடம் 'மாறு, மாறு' என்றுதான் சொல்லிப் பார்த்தார். 'அப்போ தப்பெல்லாம் என் மேலயா?' என்று கொதித்தார்கள். சரி, 'உன் வேதனை புரிகிறது' என்று மட்டும் சொன்னார். 'அப்போ இப்படியே கிடக்கச் சொல்றீங்களா?' என்றார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. ஏற்றுக்கொள்வது எப்படி என்று ஜென் மடத்தில் போய் உட்கார்ந்தே கற்றுக்கொண்டார். இப்படிப் பிறந்ததுதான் 'டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி'. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நம் கணக்குப்பிள்ளைகளின் பற்று - வரவு மாதிரிதான். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் டேலி ஆகாது. 1991-ல் முதல் ஆய்வு வெளிவந்தது. இந்த வைத்தியம் பெற்றவர்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்திருந்தது. பாதியில் விட்டுப் போனவர்களும் குறைவு.

எனக்குப் பிடித்தது இதன் பயிற்சிமுறை. தீவிரப் பயிற்சிக்கு ஒற்றை ஆளாக வரக்கூடாது, குழுவாக வரவேண்டும். ஐந்து நாள் பாடம், பிறகு ஊருக்குப் போய் மாதக்கணக்கில் வேலை, மறுபடி ஐந்து நாள். அதோடு முடியாது. சிகிச்சை அளிப்பவர்கள் வாராவாரம் கூடி, தங்களுக்குள் மனசுவிட்டுப் பேசியாக வேண்டும். 'நாம் எல்லோரும் தப்பு செய்யக்கூடியவர்கள்தான்' என்பது அந்தக் குழுவின் ஒப்பந்தங்களில் ஒன்று. நோயாளியைத் தாங்குகிறவரைத் தாங்க ஆள் வேண்டும் என்பதை வைத்தியத்தின் ஒரு பாகமாகவே வைத்துவிட்டார்கள். நம் ஊரில் கவுன்சலருக்கு ஒரு மேஜை, ஒரு ஃபேன், ஒரு பதிவேடு கொடுப்பதோடு சரி.

ஆனால் நம் ஊரும் வெறுங்கை இல்லை. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-லேயே 'ஸ்நேகா'வைத் தொடங்கி, மருத்துவர் அல்லாத தன்னார்வலர்களுக்கு, புத்தி சொல்லாமல் காது கொடுக்கக் கற்றுக்கொடுத்தார். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்பட ஐந்து ஊர்களில் நடத்திய ஓர் ஆய்விலும் அவர் இருந்தார். தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ 'எப்படி இருக்கீங்க?' அவ்வளவுதான். 2008-ல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பதினெட்டுப் பேர் தற்கொலையில் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் இரண்டு பேர்.

ஒன்பது முறை! நீட் எழுதிய எல்லோருக்கும் அது தேவையில்லைதான். முதல் அழைப்பில் குரல் உடைந்தவர்களுக்கு மட்டும் என்று வைத்தால்கூட, மிச்சம் எட்டு அழைப்புக்கு ஆளும் பயிற்சியும் வேண்டும்.

இதைப் படிக்கும் யாருக்காவது இன்று ராத்திரியே பேச வேண்டும்போல் இருந்தால்: தமிழக அரசின் 104; 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசின் டெலி-மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம்.