சரசுவதி மகால் நூலகம்

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் அமைந்த பன்மொழி நூலகம். உடன் அருங்காட்சியகமும் உண்டு. வீட்டில் மராத்தியும் வெளியே தமிழுமாக வாழ்ந்த அரச மரபினர் விட்டுச்சென்ற செல்வம் இது.   

நாயக்கர் காலத்து அரண்மனைச் சுவடிக்கூடமே இதன் தொடக்கம். 1670களில் தஞ்சை மராத்தியர் வசமானபோது சுவடிகளும் அவர்களிடம் வந்தன. அதைப் பெருநூலகமாக்கியவர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832). பாதிரியார் சுவார்ட்ஸிடம் கல்வி பெற்ற அவர், 1820இல் காசி யாத்திரை புறப்பட்டபோது வடநாட்டுச் சுவடிகளையும் தேடித் திரட்டினார். வடமொழி, தமிழ், தெலுங்கு, மராத்தி நூல்களோடு ஐரோப்பிய நூல்களும் சேர்ந்தன. அவற்றுள் பலவற்றில் அவர் ஆங்கிலத்தில் இட்ட கையொப்பத்தை இன்றும் காணலாம். மராத்திய மன்னரான அவர் தொகுப்பித்த மருத்துவ அனுபவம் 'சரபேந்திர வைத்திய முறைகள்' எனத் தமிழ்ச் செய்யுளில் அமைந்தது. இந்நூலகத்தின் பெருமைக்கு அந்த ஒன்றே போதும்.

1855இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார்; அரசு கிழக்கிந்தியக் கம்பெனி வசமானது. சுவடிகள் தப்பின. வடமொழி அறிஞர் பர்னெல் இங்குள்ள வடமொழிச் சுவடிகளின் அட்டவணையை 1880இல் வெளியிட்டார். 1918இல் நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1983இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது.

தஞ்சை அரண்மனையின் அன்றாடப் பதிவுகள் மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் உள்ளன. முதலில் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பிறகு கையெடுக்காமல் அதன்கீழ் எழுத்துகளைத் தொடர்ந்து எழுதிச்செல்லும் விரைவு எழுத்து அது.  ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். மராத்தி அறிந்தவரும் தனியே பயின்றால்தான் மோடியைப் படிக்க முடியும். காலம் கடந்திருந்தால் இந்தக் கட்டுகள் வெறும் தாளாகவே கிடந்திருக்கும். அந்த ஆவணங்களில் ஒரு பகுதியின் தமிழாக்கத்தைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989இல் குறிப்புரையுடன் வெளியிட்டது. யாருக்கு என்ன சம்பளம், எந்தப் பொருளுக்கு எவ்வளவு விலை என்ற அரண்மனைக் கணக்கை இப்போது தமிழிலேயே படிக்கலாம்.