அடுப்படிக்கு எவ்வளவு?

புது வீடு கட்டுகிறவர் வாசற்காலுக்குத் தேக்கு வாங்க அஞ்சமாட்டார். கூடத்துக்குப் பளபளக்கும் தளம் போடுவார். அடுப்படிக்கு வரும்போதுதான் கை சுருங்கும். இது இன்று வந்த பழக்கமல்ல. குடியாத்தத்தின் பழைய நெசவாளர் வீடுகளில் இதற்கு ஒரு நியாயமாவது இருந்தது. லுங்கி நெய்த தறிதான் சோறு போட்டது. ஆகவே நல்ல இடமும் வெளிச்சமும் தறிக்குப் போயின. மீந்த மூலை அடுப்புக்கு. அந்த மூலையில் குந்தி உட்கார்ந்து ஊதுகுழல் ஊதியவளின் கண்ணும் இடுப்பும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இப்போது நிலைமை தலைகீழாகியிருக்கிறது. கடைக்காரர் ஒரு பட்டியலை நீட்டுகிறார்: இழுப்பறை, மூலையில் சுழலும் தட்டு, கண்ணாடிக் கதவு, சிம்னி. எதற்குப் பணம் கொடுப்பது, எதை விடுவது? இதற்கு விடை விலைப்பட்டியலில் இல்லை. அடுப்படிக்கு ஒவ்வொரு சௌகரியமும் எப்படி வந்து சேர்ந்தது என்ற பழங்கதையில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் புகை. ஹைதராபாத் எஞ்சினீயரிங் ஆராய்ச்சிச் சாலையில் எஸ்.பி. ராஜு என்பவர் புகையில்லா அடுப்பு ஒன்றை வகுத்தார். அதைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1953-இல் சென்னையிலிருந்து வெளியாயிற்று. ஒரே தீயில் அடுத்தடுத்துப் பாத்திரங்கள் வேகும். புகை குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடும். மண்ணைக் குழைத்து வீட்டிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய சாதனம்! 1983-இல் மத்திய சர்க்கார் இவ்வகை அடுப்புகளைத் தேசிய திட்டமாகவே எடுத்துக்கொண்டு, மூன்று கோடிக்கு மேல் கட்டியது. 2002-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். அடுப்பு கெட்டதல்ல. அளவு பிசகிக் கட்டினார்கள். குழாயில் கரி அடைத்தபோது தட்டிவிட ஆளில்லை. குழாய் உடைந்தபோது மாற்ற ஆளில்லை. இன்று வாங்கும் சிம்னிக்கும் இதே ஜாதகந்தான். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவாவிட்டால் அது சுவரில் மாட்டிய அலங்காரம். வெளியே குழாய் விடாத சிம்னி என்றால் அனலையும் ஆவியையும் அறைக்குள்ளேயே திருப்பிவிடுகிறது. அதற்குக் கொடுக்கும் பணத்தில் கால் பங்குக்குச் சுவரில் ஒரு துளையும் காற்றை வெளியே தள்ளும் விசிறியும் வைத்துவிடலாம். ஆனால் துளையைச் சுவர் எழுப்பும்போதே விடவேண்டும். பிறகு உடைப்பது தண்டச் செலவு.

சமையல் வாயுவை 1955-இல் பம்பாயில் பர்மா-ஷெல் கம்பெனி விற்கத் தொடங்கிற்று. 1965-இல் இந்தியன் ஆயில் கல்கத்தாவில் இண்டேனைக் கொண்டுவந்தது. புகை போனதை எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய மாறுதல் ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. சிலிண்டர் கீழே நிற்கவேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. அதற்காகக் கடப்பைக் கல்லில் மேடை வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தரையில் குந்தியிருந்த பெண், கம்பெனியின் பத்திர விதியால் எழுந்து நின்றாள்!

அதே 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மாவரைக்கும் யந்திரத்தைச் செய்தார். ஆட்டுக்கல்லோடு போராடியவர்களுக்கு அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. குடியாத்தத்தில் அதற்கு ரூபாய்க் கணக்கும் உண்டு. இங்கே வீட்டில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. மாவாட்டலில் போன ஒரு மணி நேரம் என்பது சுற்றாமல் போன பீடி. பக்கத்து ஆம்பூரில் விடியற்காலையில் செருப்புத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கிறவளுக்கோ, அந்த ஒரு மணி நேரம் தூக்கத்திலிருந்து போகிறது. நேரத்தை மிச்சம் பிடிக்கும் சாமானுக்கு ஊருக்கு ஊர் மதிப்பு மாறும். மனைவியின் நேரம் இனாம் என்று நினைக்கிற வீட்டில்தான் அது ஆடம்பரமாகத் தோன்றும்.

மேனாட்டாரும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1926-இல் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரசபை கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளுக்கு மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் சிற்பி ஒரு சமையலறையை வகுத்தார். ஏறக்குறைய ஆறடிக்குப் பதினோரடி. எல்லாம் கைக்கெட்டும் தூரம். சுமார் பத்தாயிரம் வீடுகளில் வைத்தார்கள். செலவு வாடகையோடு சேர்ந்தது. அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகளுக்குத் தனித்தனி மாடம். குடிவந்தவர்கள் அந்தப் பெயர்களின்படி சாப்பிடவில்லை! அதை வகுப்பதற்கு முன் தாம் சமைத்ததே இல்லை என்று அந்த அம்மையாரே பின்னால் சொன்னார். இன்றைய கடையில் எண்ணெய்ப் புட்டிக்கு ஒன்று, கரண்டிக்கு ஒன்று என்று விற்கிற கம்பிக் கூடைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பெட்டிகளின் ஞாபகம் வருகிறது. அலமாரிகளை அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம். எந்தச் சாமான் எங்கே போய் உட்காருகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும்.

சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போவதற்குத்தான் முதலில் பணம் கொடுக்கவேண்டும். கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் தனித்தனி மின் இணைப்பு, தண்ணீர் ஓடும் வாட்டம், நல்ல ஜன்னல். இந்தப் பக்கத்துக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். வேலூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் கழிவு 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலத்தைப் பகுதியாகவோ முழுதாகவோ பாழாக்கியதாக 1996-இல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. கிணற்று நீரை நம்பமுடியாத சீமையில் குடிநீருக்கு ஒரு குழாய், கழுவ ஒரு குழாய் என்று இரண்டு வழி வைப்பது ஆடம்பரமல்ல.

மேடை உயரம் ஒன்று பாக்கி. முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருந்தால் தோள் நோகாது. ஐந்தடிப் பெண்ணுக்கு அது சுமார் 32 அங்குலம். மேஸ்திரிகள் வழக்கமாக வைப்பதோ 34, 36. இதைச் சரிப்படுத்த ஒரு காசும் கூடுதலாக ஆகாது. கல் பதிக்கும் நாளன்று சமைக்கப்போகிறவர் அங்கே வந்து நிற்கவேண்டும். அவள் வேலைக்குப் போயிருந்தால், கல் ஞாயிற்றுக்கிழமை வரையில் காத்திருக்கட்டும்.