மூடிய கண்ணாடியும் அதிரும் தகடும்: இந்தியக் காரின் உட்புற ஒலி பற்றி

டெல்லி கரோல்பாகிலோ பெங்களூரு ஜே.சி. சாலையிலோ காருக்குப் புதிய ஸ்பீக்கர் வாங்கச் செல்பவர் தவறாமல் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "கதவுகளுக்கு டேம்பிங் ஷீட்டும் ஒட்டிவிடலாமா?" சில வேளைகளில் ஸ்பீக்கரின் விலைக்கு நிகராகவே அதன் செலவு வந்துவிடும் என்பதால் வாங்குபவர் தயங்குகிறார். ஒட்டாவிட்டால் ஸ்பீக்கரே வீண் என்கிறார் கடைக்காரர். அதெல்லாம் வியாபாரத் தந்திரம் என்கிறார் உடன் வந்த நண்பர். இருவர் கூற்றும் பாதி உண்மை. எஞ்சிய பாதியை அறிய, இந்தியாவில் காரின் உட்புறம் எப்போது இசை கேட்பதற்குரிய இடமாயிற்று என்று பார்க்க வேண்டும். அந்த மாற்றத்தின் வரலாற்றை வானொலியிலும் கேசட்டிலும் தேடுவதே வழக்கம். காரின் சன்னல் கண்ணாடியில் தேடுவது கூடுதல் பலன் தரும்.

காருக்குள் ஒலிக்கருவி புகுந்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும், இன்று நாம் அறிந்த கூம்பு வடிவ ஸ்பீக்கரின் அடிப்படையை வகுத்துத் தந்தனர். 1930-இல் கால்வின் சகோதரர்கள் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் வானொலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அன்றைய பொறியாளர்களை வாட்டிய இரைச்சல் மின்னியல் சார்ந்தது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும் வானொலியில் 'கரகர' என்று கேட்டது. அதை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. காரின் உடல் எழுப்பும் ஒலியை எவரும் தனியொரு சிக்கலாகக் கருதியதற்கான அறிகுறிகள் அக்காலக் கார் வானொலிப் பேச்சில் குறைவு.

ஐரோப்பாவில் இந்தக் கதை எவ்வாறு வளர்ந்தது என்பதைக் காரின் பைஸ்டர்வெல்ட் உள்ளிட்ட நால்வர் எழுதி 2014-இல் வெளிவந்த 'சவுண்ட் அண்ட் சேஃப்' என்னும் நூல் விரிவாகப் பேசுகிறது. திறந்த கார் மறைந்து, கூரையும் கண்ணாடியும் கொண்ட மூடிய கார் பரவிய பின்னரே அதன் உட்புறம் ஓர் ஒலிக்கூடாக உருப்பெற்றது என்பது அந்நூலிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதன்மைச் செய்தி. எஞ்சினின் ஒலியைக் கேட்டே கோளாறைக் கண்டறிந்த ஓட்டுநர், மெல்ல அவ்வொலியை மறக்கப் பழக்கப்பட்டார். இந்தச் சட்டகத்தை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்த முடியாது. குளிரும் மழையும் அங்கே கண்ணாடியை மூடவைத்தன. இங்கே வெப்பம் அதை இறக்கியே வைத்திருந்தது.

உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடரும், மும்பை குர்லாவில் பிரீமியர் நிறுவனம் தயாரித்த ஃபியட்டும், பிற்காலத்துப் பத்மினியும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியச் சாலைகளை ஆண்டன. அவற்றில் பயணம் செய்தவர்களின் நினைவில் நிற்பது முக்கோணக் காற்றுச் சன்னல். அதைத் திருப்பி வைத்தால் காற்று நேரே முகத்தில் அடிக்கும். கூடவே சாலையின் அத்தனை ஓசைகளும் உள்ளே வரும். விவித் பாரதி 1957-இல் தொடங்கியது; அம்பாசிடரும் ஏறத்தாழ அதே காலத்தில் பிறந்தது. ஆயினும் அந்தக் காரில் வானொலி என்பது வசதி படைத்தோரின் கூடுதல் பொருளாகவே இருந்தது. வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலம் அது. மத்திய அலை ஒலிபரப்பில் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நுண்ணொலிகள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. குரல் புரிந்தால் போதும், மெட்டு அடையாளம் தெரிந்தால் போதும் என்ற கேட்புமுறைக்கு அது ஏற்றதாயிருந்தது. நான்கு சன்னல்களும் திறந்திருக்கும் காரின் கதவுக்குள் எதை ஒட்டினாலும் உள்ளே வரும் இரைச்சல் குறையப்போவதில்லை. ஆகவே ஒலித்தடுப்பு என்ற கேள்வியே அன்று எழவில்லை. இதை அக்காலத்தவரின் அறியாமை எனக் கொள்வது பிழை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி எஞ்சின், மூன்று சிலிண்டர்கள், சுமார் 650 கிலோ எடை. அம்பாசிடரோ 1,100 கிலோவுக்கு மேல். எடை குறைந்ததால் எரிபொருள் மிச்சமாயிற்று. மெல்லிய தகடும் குறைந்த உட்பூச்சும் தந்த மற்றொரு விளைவு, காருக்குள் எல்லாமே கேட்டது என்பது. அதே பத்தாண்டில் கேசட் இந்திய இசைச் சந்தையைத் தலைகீழாக்கியது. வட இந்தியாவில் நிகழ்ந்த அந்த மாற்றத்தைப் பீட்டர் மானுவல் 1993-இல் வெளியிட்ட 'கேசட் கல்ச்சர்' நூல் ஆராய்கிறது. பாட்டுக் கடைகள், ஒலிப்பதிவு நிறுவனங்கள், பக்திப் பாடல்கள், வட்டார மொழிப் பாடல்கள் என அதன் களம் அகன்றது. அந்தக் கேசட்டுகள் ஓடிய கார்களின் உட்புறம் தனி ஆய்வுக்குரிய களமாக இன்னும் காத்திருக்கிறது.

அக்களத்தின் நாயகர் ஒரு தச்சர் என்றால் மிகையாகாது. மாருதி 800 போன்ற சிறு கார்களின் பின்னிருக்கைக்குப் பின்னால் இருந்த மெல்லிய அட்டைப் பலகையில் 6×9 அங்குல ஓவல் ஸ்பீக்கர்களைப் பொருத்தும் வழக்கம் நாடெங்கும் பரவியது. ஒலியை உயர்த்தியதும் அட்டை 'டபடப'வென அதிர்ந்தது. எனவே அதே அளவில் பிளைவுட் பலகையை அறுத்து, மேலே துணியோ ரெக்சினோ ஒட்டி மாட்டிக் கொடுத்தனர். ஸ்பீக்கரின் கூம்பு முன்னோக்கித் தள்ளும் காற்றும் பின்னோக்கி இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று சந்தித்தால் தாழ்ந்த ஸ்தாயி அழிந்துபோகும். இரண்டையும் பிரிக்கக் கனமான, அதிராத தடுப்பு வேண்டும். பிளைவுட் பலகை செய்தது அதைத்தான். டிக்கி முழுவதும் ஒரு பெட்டியாயிற்று. பாடநூல் எதையும் காணாத கைவினைஞர் ரைஸ்–கெல்லாக் காலத்துக் கோட்பாட்டைச் சரியாக நிறைவேற்றினார். இந்தியாவின் முதல் பரவலான கார் ஒலித்திருத்தம் என அந்தப் பலகையைக் குறிப்பிடலாம்.

அடுத்த திருப்பம் குளிர்சாதனம். 1990களில் மாருதி ஜென், சியலோ, சான்ட்ரோ, மாட்டிஸ் எனப் புதிய கார்கள் வரிசையாக வந்தபோது, ஏ.சி. என்பது நடுத்தர வர்க்கத்தின் ஆடம்பரம் என்ற நிலையிலிருந்து எதிர்பார்ப்பு என்ற நிலைக்கு நகர்ந்தது. கண்ணாடி ஏறியது; வெளியுலகம் ஒரு படி விலகியது. அதுவரை காற்றின் இரைச்சலில் மூழ்கியிருந்த ஒலிகள் — கதவுத் தகட்டின் முனகல், டேஷ்போர்டின் கிறீச்சிடல், டயரின் உறுமல் — அப்போதுதான் தனித்தனியே செவிக்கு எட்டின. 1998 இறுதியில் வெளிவந்த இண்டிகா, டீசல் எஞ்சினைச் சிறு காருக்குள் கொண்டுவந்து அப்பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்தது. 2001-இல் பெங்களூருவில் தனியார் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது. குறுந்தகடும் காருக்குள் வந்து சேர்ந்தது. ஒலியின் மூலம் தெளிவடையத் தெளிவடைய, அது ஒலிக்கும் அறையின் குறைகள் வெளிப்பட்டன. 'டேம்பிங்' என்ற சொல் இந்தியக் கடைவீதியில் பொருள் பெற்றது இந்தச் சூழலில்தான்.

ஆனால் அச்சொல் ஒரு குழப்பத்தையும் சுமந்து வந்தது. மூன்று வெவ்வேறு வேலைகளை அது ஒரே பெயரால் சுட்டுகிறது. அதிரும் தகட்டை அடக்குவது ஒன்று. ஓட்டைகளை மூடிக் காற்றுக் கசிவைத் தடுப்பது மற்றொன்று. வெளியிரைச்சலை உள்ளே விடாமல் நிறுத்துவது மூன்றாவது. முதல் வேலையின் அறிவியல் 1950களில் உருவானது. உலோகத் தகட்டின் மேல் பிசுபிசுப்பான பொருளைத் தடிமனாகப் பூசினால் வளைவு அதிர்வு எவ்வாறு தணியும் என்பதை ஜெர்மானியர் ஹெர்மன் ஓபர்ஸ்ட் 1952-இல் கணக்கிட்டுக் காட்டினார். அப்பொருளின் மேல் ஒரு மெல்லிய உலோகத் தாளை ஒட்டிவிட்டால், பொருள் இரண்டு தகடுகளுக்கிடையே சறுக்கி நெரிபட்டு, அதிர்வாற்றலை வெப்பமாக மாற்றும். மிகக் குறைந்த தடிமனே போதும் என்பதை அமெரிக்கர் எட்வர்ட் கெர்வின் 1959-இல் விளக்கினார். தொழிற்சாலைக் கார்களின் தரையில் காணப்படும் தார் அட்டை ஓபர்ஸ்ட் வழியைச் சேர்ந்தது. கடையில் விற்கும், அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் ரப்பர் ஷீட் கெர்வின் வழியைச் சேர்ந்தது.

இவ்வகைப் பொருள்கள் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை எல்லைக்குள்தான் உச்சத் திறனைக் காட்டும் என்பது இந்திய வாசகர் மறக்கக் கூடாத செய்தி. மே மாத டெல்லி வெயிலில் நிற்கும் காரின் தகடு, கைவைக்க முடியாத சூட்டை அடைகிறது. கூரை ஒழுகலுக்கு ஒட்டும் மலிவான தார்ப் பட்டையைக் கார்க் கதவில் ஒட்டிச் சிக்கனம் செய்தவர்கள், அது இளகி வழிவதையும் அதன் நாற்றத்தையும் அனுபவித்தே தெரிந்துகொண்டனர்.

சரி, ஒட்டத்தான் வேண்டுமா? கணக்குப் பார்க்கலாம். 0.8 மி.மீ. எஃகுத் தகட்டின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 6.3 கிலோ. அதன்மேல் சதுர மீட்டருக்கு 3 கிலோ எடையுள்ள ஷீட்டை முழுதாக ஒட்டினால், எடை விதிப்படி அந்தத் தகட்டின் வழியே வரும் இரைச்சல் 3 டெசிபலைச் சற்றே தாண்டிய அளவுக்குத்தான் குறையும். கதவின் மேல்பாதியோ கண்ணாடி. அங்கே எதையும் ஒட்ட முடியாது. தரை, சக்கர வளைவு, ரப்பர் பட்டைகளின் இடைவெளி ஆகிய வழிகளும் திறந்தே கிடக்கின்றன. கதவில் ஷீட் ஒட்டிவிட்டால் கார் அமைதியாகிவிடும் என்ற வாக்குறுதி இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. முழுக் காரையும் போர்த்த முனைந்தால் நாற்பது ஐம்பது கிலோ கூடும். 700, 800 கிலோ எடையுள்ள சிறு காருக்கு அது ஒரு நிரந்தரப் பயணியை ஏற்றிக்கொள்வதற்குச் சமம்.

இசைக்கான பயன் வேறிடத்தில் இருக்கிறது. ஸ்பீக்கர் பொருத்தப்பட்ட முன்கதவுகளில், வெளித்தகட்டின் நடுப்பகுதியில் கால் பங்கு முதல் பாதி வரை ஒட்டினாலே அதன் முனகல் பெருமளவு அடங்கிவிடும். உட்தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகளை மூடிவிட்டால், பிளைவுட் பலகை அன்று செய்ததைக் கதவே செய்யும். தபலாவின் இடப்பக்கத் தாளம் மீண்டும் கேட்கும். விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயரால் இதைச் செய்ய இயலாது. அதன் திறனை 50 வாட்டிலிருந்து 100 வாட்டாக உயர்த்தினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. ஓட்டைக் கதவு அந்த 3 டெசிபலையும் சேர்த்தே விழுங்கும். ஆகவே பணம் குறைவாயின் முதலில் முன்கதவு, பிறகு ஸ்பீக்கர், இறுதியில் ஆம்ப்ளிஃபயர் என்பதே நியாயமான வரிசை. கடைவீதியில் இது பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. பெட்டியில் மின்னும் பொருளை விற்பது எளிது; கதவுக்குள் மறையும் பொருளை விற்பது கடினம். ஒட்டுபவர் கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை மூடிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மும்பை மழையில் கண்ணாடி வழியே இறங்கும் நீர் போக வழியின்றித் தேங்கினால், துருவுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த வரலாற்றில் செவியைப் பற்றி அதிகம் பேசப்படாதது வியப்புக்குரியது. நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு சிறு காருக்குள் 70 டெசிபல் அளவில் இரைச்சல் இருப்பது இயல்பு. அதற்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமானால் ஒலியை 80-ஐ நோக்கி ஏற்றியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பானதாகக் கொள்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகிவிடும். வார இறுதியில் மட்டும் ஓட்டுபவருக்கு இது பொருட்டன்று. நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் செயலிவழி வாடகைக் கார் ஓட்டுபவருக்கோ இது தொழில்சார் நலச் சிக்கல். எரிபொருளை மிச்சப்படுத்த ஏ.சி.யை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிக்கொள்வதும், உறக்கம் வராமலிருக்கப் பாட்டை உயர்த்துவதும் அவரே. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதியில் பகல் நேரத்துக்கு 65 டெசிபல் என வரம்பிட்டுத் தெருவைக் காக்க முனைகின்றன. காருக்குள் அமர்ந்திருப்பவரின் அமைதியோ அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டிய பண்டமாகவே விடப்பட்டது.

விலை ஏற ஏற அப்பண்டம் தொழிற்சாலையிலேயே சேர்ந்து வருகிறது. விலை இறங்கினால் முதலில் கழற்றப்படுவதும் அதுவே. 2009-இல் விற்பனைக்கு வந்த நானோவின் தொடக்க வகையில் ஏ.சி.யும் இல்லை, வானொலியும் இல்லை. 624 சிசி எஞ்சின் பின்னிருக்கைக்குப் பின்னால் இரைந்தது. கண்ணாடி மீண்டும் இறங்கியது. அந்தக் காருக்கு டேம்பிங் ஷீட் விற்க முயன்ற கடைக்காரர், அம்பாசிடர் காலத்துக் கேள்விக்கே விடை சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இன்று மின்சாரக் கார் அதே கேள்வியை மறுமுனையிலிருந்து கேட்கிறது. எஞ்சின் ஒலி அகன்றதும், அது இதுவரை மறைத்துவைத்திருந்த டயரின் உறுமலும் காற்றின் சீறலும் முன்னுக்கு வந்துவிட்டன. இதற்குக் கதவு ஷீட்டால் பெரிய பலன் இல்லை. சக்கர வளைவிலும் தரையிலும்தான் வேலை இருக்கிறது. பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைகள் இன்னும் முதலில் கதவையே திறக்கின்றன.